மனுதாரரைக் கேட்டுவிட்டு மனுவை முடியுங்கள்

மத்திய அரசில் மக்கள் குறைதீர்ப்பைக் கவனிக்கும் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மக்கள் குறைகளை இணையத்தில் பதிவு செய்யும் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளத்தில் எத்தனை மனுக்கள் முடிந்தன, சராசரியாக எத்தனை நாளில் முடிந்தன என்று மாதாமாதம் அறிக்கை வெளியிடுகிறீர்கள். 2024 ஆகஸ்டில் 30 நாள் கெடுவை 21 நாளாகக் குறைத்தீர்கள். நல்லதுதான். ஆனால் 'முடிந்தவை' என்ற அந்தக் கணக்கில் என் அம்மாவின் மனுவும் இருக்கிறது. அவருக்கு இன்னும் பணம் வரவில்லை.

அப்பா மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்த பிறகு அம்மாவுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் ஓர் அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கிறது. கேட்ட காகிதமெல்லாம் கொடுத்தாயிற்று. வேறு வழியில்லாமல்தான் மனு போட்டோம். கெடுவுக்குள் பதிலும் வந்தது: மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, முடித்துவைக்கப்படுகிறது. எந்த அலுவலகத்தின் மேல் புகார் சொன்னோமோ, அதே அலுவலகம்தான் அந்த உரிய அலுவலகம். இது தெரியாமல் அம்மா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிவிட்டார். முடிந்துவிட்டது என்று அரசாங்கமே சொன்னால், பணம் வந்திருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

மேல்முறையீடு செய்திருக்கிறோம். ஆனால் கூட இருந்து எழுதிக்கொடுக்க ஆள் இல்லாதவர்கள் அந்த முதல் பதிலோடு ஓய்ந்துவிடுவார்கள். அவர்கள் மனுவும் முடிந்த கணக்கில்தான் ஏறும்.

அதனால் கேட்கிறேன்: மனுதாரரைக் கேட்காமல் மனுவை முடிக்காதீர்கள். முடித்த பிறகு கருத்துக் கேட்க அழைப்பு மையம் வைத்திருக்கிறீர்கள். அதே கேள்வியை முடிப்பதற்கு முன்பே கேட்கலாமே. 'இது எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்ததல்ல' என்று சொல்லி மனுவை முடிக்கக் கூடாது என்று உங்கள் 2024 நெறிமுறையே சொல்கிறது. வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு முடிப்பதை மட்டும் எப்படி ஏற்கிறீர்கள்?

மேலே நாள் கணக்கு மட்டும் பார்த்தால், கீழே சீக்கிரம் மூடுவதில்தான் குறியாக இருப்பார்கள். மனுக்களில் மட்டுமா இப்படி? எந்தத் துறை அறிக்கையிலும் நடத்திய கூட்டமும் செலவான தொகையும் பக்கம் பக்கமாக இருக்கும். அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதைத் தேட வேண்டியிருக்கும். செலவோடு பலனையும் காட்ட வேண்டும் என்றுதான் 2005-06இல் விளைவு பட்ஜெட்டே வந்தது. நிர்வாக முடிவால் பாதிக்கப்படுபவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. அம்மாவுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

தயவுசெய்து அடுத்த மாத அறிக்கையிலேயே இரண்டு எண்களைச் சேருங்கள்: வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு முடித்த மனுக்கள் எத்தனை, தீர்வு கிடைத்தது என்று மனுதாரரே சொன்னவை எத்தனை. மனுதாரர் சொல்லும்வரை மனு திறந்தே இருக்கட்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மனுதாரரின் மகன்