முதலில் கூரை, பிறகு முயல்

தேவகோட்டை
ஆவணி 9

அன்புள்ள வள்ளியப்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்து கோயில் வரை நடக்கிறார்கள் என்று படித்தது பெரிய நிம்மதி. கானாடுகாத்தான் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் சும்மா கிடக்கிறது, கறிக்கு முயல் வளர்க்கலாமா, எந்த இனம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வளர்க்கலாம். இனத்தைப் பிறகு சொல்கிறேன். நம் சீமையில் முயல் பிழைப்பதையும் சாவதையும் கூரைதான் முடிவு செய்கிறது.

முயலுக்கு வியர்க்காது. காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் உடம்புச் சூட்டைத் தள்ளும். 30 டிகிரியைத் தாண்டினாலே தீனி குறையும். 35க்கு மேல் போனால் மூச்சு இரைத்துக்கொண்டு நீட்டிப் படுத்துவிடும். சினை முயலாக இருந்தால் அன்றைக்கே சாகலாம். சித்திரை, வைகாசியில் நம்மூர் வெயில் 38, 40 என்று போகிறது. ஆண் முயலுக்கு இன்னொரு கேடும் உண்டு. தொடர்ந்து சூடு பட்டால் அதன் விந்து கெட்டுப்போகும்; வெயில் தணிந்த பிறகும் தேற ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். ஆடியில் சேர்த்தும் சினை நிற்கவில்லை என்று பெண் முயலைப் பழி சொல்வார்கள். வைகாசியில் ஆண் முயல் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளுக்குப் போட்ட அதே நாட்டு ஓடு போதும், அல்லது கீற்று. பக்கச் சாய்ப்பு 8 அடி, முகடு 11 அடி உயரம் இருக்கட்டும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும்; காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். சுற்றிலும் ஒன்றரை அடிச் செங்கல் சுவர், அதற்கு மேல் கூரை வரை அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை. பூனை, நாய், கீரி, சாரைப்பாம்பு, எலி எல்லாவற்றுக்கும் அந்த வலைதான் காவல். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் எலி வந்து குட்டியைத் தூக்கும். இடம் வேப்பமர நிழலாக அமைந்தால் நல்லது. வீட்டுக்குள் இரண்டாங்கட்டு முற்றத்திலோ அடுப்படி ஓரத்திலோ கூண்டை வைக்க ஆச்சி ஒத்துக்கொண்டாலும் நீ வைக்காதே. மூத்திரத்தின் அமோனியா நெடி வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆகாது, காற்று நின்றுபோனால் முயலுக்கும் ஆகாது.

மூன்று பெண், ஒரு ஆணோடு தொடங்கு. பெரிய முயல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு: நீளம் இரண்டரை அடி, அகலம் 2 அடி, உயரம் ஒன்றரை அடி. வளரும் குட்டிகளுக்கு 4 அடிக்கு இரண்டரை அடியில் இரண்டு கூண்டு. ஒன்றில் எட்டுக்கு மேல் விடாதே. இருபுறமும் வரிசை வைத்து நடுவில் மூன்றரை அடி நடைபாதை விட்டால் 14 அடிக்கு 10 அடிக் கொட்டகை போதும். கூண்டு தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும். அடுக்கு மேல் அடுக்காக வைத்தால் இடம் மிச்சம் என்பார்கள். மேலடுக்கு ஓட்டுச் சூட்டில் வாடும், கீழடுக்கு மூத்திரத்தில் நனையும்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கூண்டின் அடித்தளம். 14 கேஜ் தடிமனுள்ள கம்பி, அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண், பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசியதாகக் கேட்டு வாங்கு. கண் இதைவிடப் பெரிதானால் குட்டியின் கால் மாட்டி ஒடியும். சிறிதானால் புழுக்கை தங்கும், அதிலிருந்து இரத்தக் கழிச்சல் வரும். அரை அங்குல இடைவெளியில் நெருங்கி ஓடும் கம்பிகள் மேல்பக்கம் வரும்படி வலையைப் போட வேண்டும். திருப்பிப் போட்டால் பாதம் அழுந்தும். குதிகாலில் மயிர் உதிர்ந்து புண் வந்தால் முதலில் வலையைத் தடவிப் பார், துரு இருக்கும். ஒரு அடிச் சதுரப் பலகை ஒன்றை ஒரு மூலையில் போட்டு வை, கால் ஆற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கழுவி வெயிலில் காயப்போடு. கூண்டுக் கால்கள் நான்கையும் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றிய டப்பாவில் நிறுத்து. பிறந்த குட்டிக்கு எறும்பு எமன்.

கீழே சிமெண்டுத் தரையைச் சரிவாகப் போட்டு மூத்திரம் ஓடி வெளியே போக வாய்க்கால் விடு. புழுக்கையைத் தென்னைக்கும் வாழைக்கும் நேராகவே போடலாம், ஆட்டு எரு போல, வேரைச் சுடாது.

தீனியில் அவசரம்தான் கொல்லும். எந்தப் புதுத் தழையையும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. கல்யாண முருங்கை, அகத்தி, வேலிமசால், அருகு எல்லாம் நல்லவை. பனி ஈரத்தோடு அறுத்ததை அப்படியே போடாமல் வாட்டிப் போடு. மரவள்ளி இலை, அரளி, எருக்கு அருகில் வரக் கூடாது. பெரிய முயலுக்கு நாளைக்கு 200 முதல் 250 கிராம் தழை, 100 கிராம் அடர்தீவனம். பால் கொடுக்கும் முயலுக்கு அடர்தீவனத்தைப் படிப்படியாக 200 கிராம் வரை ஏற்று. 100 கிலோ அடர்தீவனக் கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 30, உடைத்த கம்பு 30, கோதுமைத் தவிடு 25, கடலைப் பிண்ணாக்கு 13, தாது உப்புக் கலவை ஒன்றரை, சாப்பாட்டு உப்பு அரை கிலோ. பிண்ணாக்கில் பூஞ்சை வாடை லேசாக வந்தாலும் மூட்டையோடு திருப்பிக் கொடு. பிராய்லர் கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதே. அதில் சேர்க்கும் சாலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஆகும், முயலுக்கு நஞ்சு.

தண்ணீர் கனமான மண் சட்டியில். முயல் வாய் வைத்துக் குடிக்கும் நிப்பிள் குழாய் சுத்தம்தான், ஆனால் கோடையில் பைப்புத் தண்ணீர் சுட்டுவிடும். முயல் குடிப்பதை நிறுத்தும், குடிக்காத முயல் தின்னாது. உச்சிவெயிலில் வலைக்கு வெளியே ஈரச் சாக்கைத் தொங்கவிடு. காற்றை அடைக்காமல் ஒரு பக்கம் மட்டும்.

இணை சேர்க்கப் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடம் என்று கடித்துவிடும். ஆண் பக்கவாட்டில் சரிந்து விழுந்தால் சேர்ந்துவிட்டது என்று அறி. அன்று சாயங்காலம் இன்னொரு முறை விடு. சினைக் காலம் 31 நாள். தேதியைக் கூண்டில் அட்டை எழுதித் தொங்கவிடு. 28ஆம் நாள் ஈனும் பெட்டி வைக்க வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், முன்பக்கப் பலகை மட்டும் அரை அடி. அடியில் துளைகள், மேலே காய்ந்த புல். தாய் தன் மயிரைப் பிடுங்கி மீதியைச் செய்துகொள்ளும். காட்டு முயல் குட்டி மயிரோடும் கண் திறந்தும் பிறக்கும். இதுவோ வெறும் தோலோடு, கண் மூடிப் பிறக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில்தான் கண் திறக்கும். அதனால்தான் பெட்டி இவ்வளவு முக்கியம். தாய் நாளைக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம் போலத்தான் பால் கொடுக்கும். கவனிக்கவில்லை என்று பதறாதே. குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் சரி. ஆறாம் வாரம் பிரித்துவிடு.

தூக்கும்போது காதைப் பிடிக்காதே. தோள்பட்டைத் தோலைச் சேர்த்துப் பிடித்து, மறு கையால் பின்பக்கத்தைத் தாங்கு. தாங்காமல் விட்டால் உதைத்துத் தன் முதுகெலும்பையே ஒடித்துக்கொள்ளும்.

காதுக்குள் பொருக்கு வந்தால் சொறி. கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி போடுவார். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயைத் தொடாதே. அமாக்ஸிசிலின் மாத்திரையும் வாய்வழியாகக் கூடாது. இரண்டும் முயலைக் கொல்லும்.

இனம்: வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை மூன்றும் கறிக்கு ஏற்றவை. கொடைக்கானல் மேல்மலை மன்னவனூரில் மத்திய அரசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால் மலைக் குளிரில் வளர்ந்ததைக் கோடையில் இறக்காதே. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் உனக்குப் பக்கம்தான், ஒரு நடை போய்க் கேள். நாலு மாத முயலாகப் புரட்டாசிக் கடைசியில் வாங்கினால் மார்கழியில் சேர்க்கலாம், தையில் ஈனும், சித்திரை பிறப்பதற்குள் குட்டிகள் இரண்டு கிலோ அளவுக்கு வந்துவிடும். உரித்தால் பாதி கறி நிற்கும். ஈரலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்த ஈரலை எறிந்துவிடு. மாசிக்குப் பிறகு ஆவணி வரை இணை சேர்க்காதே.

ஜோடி விற்று, குட்டியைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறவர்களிடம் முன்பணம் கட்டாதே. முதல் வருஷம் வீட்டுக்கும் பங்காளிகளுக்கும் போதுமானது வரட்டும். கண்மாய்ப் பக்கம் வலை போட்டுப் பிடித்த காட்டு முயலை யார் கொண்டுவந்தாலும் வாங்காதே. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

புரட்டாசிக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஓட்டு வேலைக்கு ஆள் பேசியதும் எழுது. காரைக்குடியில் வலை வாங்கப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டுபோய்க் கண்ணை அளந்து பார்த்தே வாங்கு. ஆத்தாவுக்கு என் வணக்கம்.

உன்,
சொக்கலிங்கம்