மரம் விடும் நீராவிக்கு ஒரே எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரங்களின் பயனைப் பேசும் கட்டுரைகள் பலவும், ஒரு மரம் நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறது என்று ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த எண்ணில் மரத்துக்கு இருக்கும் பங்கு காற்றுக்கும் மண்ணுக்கும் உண்டு என்பதைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன்.

இலைகள் நிறைந்த சிறு கிளையொன்றில் பாலித்தீன் பையைக் கட்டிவைத்தால், சிறிது நேரத்தில் உட்புறம் மங்கி, துளிகள் திரண்டு அடிமூலையில் தேங்கும். பள்ளியில் நம்மில் பலர் செய்த சோதனைதான். ஆனால் பைக்குள் ஈரம் ஏற ஏற, இலை நீரை இழக்கும் வேகமும் தளர்ந்துவிடுகிறது என்பதை யாரும் அப்போது சொல்லித்தரவில்லை. இலைக்குள் இருக்கும் நீராவிக்கும் வெளிக்காற்றில் இருக்கும் நீராவிக்கும் உள்ள வேறுபாடுதான் நீரை வெளியே இழுக்கிறது. அது குறைந்தால் இழுப்பும் குறையும்.

மரங்களின் இலையும் கிளையும் சேர்ந்த அடர்ந்த விதானத்தின் உட்பகுதியும் ஏறக்குறைய அந்தப் பையைப் போன்றதுதான். அங்கே காற்று அசைவின்றி ஈரம் தேங்கி நிற்க, உச்சியிலோ மேடுபள்ளமான கிளைகளில் மோதிச் சுழலும் காற்று, ஈரக்காற்றை வீச்சு வீச்சாக அள்ளிச்சென்று உலர்காற்றை உள்ளே தள்ளுகிறது. உயர்ந்த மர உச்சி இவ்வாறு காற்றோடு நெருங்கிப் பிணைந்திருப்பதால், நீராவி வெளியேறும் நுண்ணிய இலைத்துளைகள் சற்றே மூடினாலும் நீராவிப்போக்கு குறைந்துவிடுகிறது. தாழ்ந்த புல்வெளியில் அந்த விளைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஜார்விஸ், மெக்நாட்டன் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1986-இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்கினர்.

காற்று உலர்ந்திருந்தால் மரம் மேலும் மேலும் ஆவியை விடும் என்பதும் பாதி உண்மையே. உலர்வு மிகும்போது, துளைகளைத் திறந்து மூடும் காப்புச் செல்கள் தளர்ந்து துளைகள் ஒடுங்குகின்றன. மண்ணில் ஈரமும் இல்லாவிட்டால் உச்சிவெயிலிலேயே கடை மூடப்பட்டுவிடும். மழை நனைத்த இலையிலிருந்து நீர் ஆவியாவதற்கோ துளைகளே தேவையில்லை. மூடுபனியில் நனையும் செம்மரம் போன்ற சில மரங்கள் (கலிபோர்னியக் கடலோரச் செம்மரத்தைச் சொல்கிறேன்) இலை வழியாகவே நீரை உள்ளிழுப்பதும் உண்டு.

ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் செலவாகி, சுற்றுப்புறம் குளிர்கிறது. துளைகள் மூடினால் நிழல் இருக்கும், இந்தக் குளிர்ச்சி இருக்காது. ஆகவே இனி அத்தகைய எண்ணை வெளியிடும்போது, அது எந்தப் பருவத்தில், மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தபோது அளந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்