ஒட்டடைக் கம்பை ஒளித்து வைத்திருக்கிறேன்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கோபமாக இருப்பாய், தெரியும். அம்மாவுக்குக் கால் வலி தேவலையா? சின்னவன் பரீட்சை முடிந்ததா? இங்கே எல்லோரும் சுகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கொல்லையில் துணி காயப்போடும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது!

மாசிக் கடைசியில் ஒருநாள் காலை. ஜன்னல் மூலையில் இருந்த சிலந்தி வலைக்கு முன்னால் ஒரு பெண் சிட்டு அந்தரத்தில் சிறகடித்து நின்றது. முதுகு மங்கிய பழுப்பு, வயிறு மஞ்சள், உடம்பு என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு. வளைந்த அலகை வலைக்குள் விட்டு ஒரு சுழற்று. இழை அலகில் சுற்றிக்கொண்டதும் நேரே கம்பிக்குப் பறந்து, அங்கே தொங்கிய நாரில் தேய்த்து ஒட்டிவிட்டு மறுபடி வந்தது. அரைமணி நேரத்தில் மூலையில் வலையே இல்லை.

அந்த இழைதான் கூட்டுக்கே பசை. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் எல்லாம் அதில்தான் ஒட்டி நிற்கின்றன. தள்ளி நின்று பார்த்தால் ஏதோ குப்பை தொங்குகிற மாதிரி இருக்கும். வாசலுக்கு மேலே குட்டியாக ஒரு தாழ்வாரம் வேறு! பெண் சிட்டு உள்ளே உட்கார்ந்து மார்பால் முட்டி முட்டிக் கூட்டை உருண்டையாக்கினாள். பத்து நாளும் உழைத்தது அவள் மட்டும்தான். ஆண் பளபளவென்று வரும், எட்டிப் பார்க்கும், போகும். நீங்கள் வீடு கட்டியபோது உன் வீட்டுக்காரர் செய்த மேற்பார்வை ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லாதே.

வாரம் தவறாமல் நான் ஒட்டடை அடிக்கிறவள், உனக்குத் தெரியும். எத்தனை சிட்டுகளின் வீட்டுச் சாமானை வாரிக் கொட்டியிருக்கிறேனோ என்று மனசு கஷ்டப்படுகிறது செல்வி. சாமான் மட்டுமா? குஞ்சு வளரத் தேன் போதாது. சிலந்தியும் சின்னப் பூச்சிகளும்தான் அதற்கு ஆகாரம். அதனால் கம்பை ஒளித்து வைத்துவிட்டேன். வீட்டில் கேட்டால் காணோம் என்கிறேன்.

அப்புறம் ஒரு சங்கதி. வேப்பமரத்தில் பூ வந்ததிலிருந்து குயில் விடியற்காலையிலேயே கூவ ஆரம்பித்துவிடுகிறது. கூவுவது கறுப்பு நிற ஆண். புள்ளி போட்ட பெண்குயில் 'கிக் கிக் கிக்' என்றுதான் கத்தும். கணக்கு டீச்சர் உன்னைக் குயில் என்றாரே, எந்தக் குயிலைச் சொன்னார்?

தேன்சிட்டுக்கு முட்டை இரண்டு. சுமார் 15 நாள் அடைகாத்துப் பொரித்து இன்றோடு ஒரு வாரம். பெரியவன் செல்போனை வாசலுக்குள் நீட்டிப் படம் எடுக்கப் பார்த்தான். திட்டிவிட்டேன். கிட்டப் போனால் தாய் வரப் பயப்படும். பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். துணியெல்லாம் இப்போது மொட்டைமாடியில்.

நேற்று மத்தியானம் குஞ்சுகளைத் தின்கிற செம்போத்துப் பறவை வந்துவிட்டது. கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னாலிருந்து, சிவந்த கண்ணும் கனத்த அலகுமாக, மெள்ள நடந்து வந்து கம்பியையே பார்த்தது. தேன்சிட்டு இரண்டும் கதறின. நான் கையைத் தட்டிக்கொண்டு ஓடினேன். அது போய்விட்டது. ஆனால் அதற்கும் பசிதானே? அதன் கூட்டிலும் குஞ்சு வாய் திறந்து காத்திருக்கலாம். நான் விரட்டியது சரியா என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். நீயாக இருந்தால் என்ன செய்வாய்? யோசித்து எழுது, சமாதானத்துக்காக எழுதாதே.

குஞ்சுகள் பறக்க இன்னும் பத்து நாளாவது ஆகும். இன்று காலை தாய் வந்ததும் வாசலில் இரண்டு அலகும் தெரிந்தன. இரண்டையும் எண்ணிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் வீட்டுப் புங்கமரம் தளிர்த்துவிட்டதா? பூ கொட்டினால் கூட்டிவிடாதே, இரண்டு நாள் கிடக்கட்டும். நான் வருகிறேன்.

உன்,
மீனா