விலக்கிவைத்தவரை யார் போய்ப் பார்ப்பது? சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர்களே, மூப்பர்களே, ஒழுங்குக் குழுவில் பணியாற்றும் சகோதர சகோதரிகளே,

ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள்.

தவறு செய்தார் என்று ஒருவரைத் திருவிருந்திலிருந்து, அதாவது சபையார் சேர்ந்து பெறும் நற்கருணையிலிருந்து, விலக்கிவைக்கும் தீர்மானத்தில் அவருடைய பெயர் இருக்கும், குற்றம் இருக்கும், மீறிய விதியின் எண்ணும் இருக்கும். அவர் எப்படித் திரும்பி வருவார், யார் அவரைப் போய்ப் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அவரோடு மறுபடி உட்கார்ந்து பேசுவீர்கள் என்பவை பெரும்பாலும் இருப்பதில்லை. விடுபட்டுப்போகும் அந்த வரிகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

சபையில் ஒழுங்கு வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். மத்தேயு 18:15-17 ஆண்டவரே தந்த வழி. ஆனால் அந்த மூன்று வசனங்களுக்கு முன்னே, நூறு ஆடுகளில் சிதறிப்போன ஒன்றைத் தேடிப் போகிறவன் நிற்கிறான். பின்னே, எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்க, ‘ஏழெழுபதுதரமட்டும்’ என்ற பதில் வருகிறது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் விதிப்புத்தகத்தில் ஏற்றிவிட்டோம்.

அதிலும் முதல் படியே தவறிப்போகிறது. முதலில் இருவரும் தனித்திருந்து பேசவேண்டும். கேளாவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு பேரோடு போகவேண்டும். அதற்கும் செவிகொடாவிட்டால்தான் சபைக்குச் சொல்லவேண்டும். நடப்பதோ வேறு. தனியே போகவேண்டியவர் மூப்பரிடம் போகிறார், மூப்பர் அதைக் குழுவுக்குக் கொண்டுவருகிறார், குழு கடிதம் அனுப்புகிறது. தன்மேல் குற்றச்சாட்டு இருப்பதையே அந்த மனிதர் கடிதத்தைப் பிரித்துத்தான் தெரிந்துகொள்கிறார். அவமானத்தில் காட்டமாக ஒரு பதில் எழுதிவிட்டால், ‘மனந்திரும்பவில்லை’ என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். ஆகவே புகார் வந்ததும், “அவரிடம் நேரில் பேசினீர்களா, எப்போது?” என்று கேளுங்கள். இல்லை என்றால் புகாரைப் பதிவு செய்யாமல், புகார் கொண்டுவந்தவரை முதலில் பேச அனுப்புங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அடித்துத் துன்புறுத்துதல், பாலியல் அத்துமீறல், சிறுவர்களுக்கு இழைக்கப்படும் கொடுமை ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவரிடம் ‘நீ தனியாகப் போய்ப் பேசு’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது காவல்துறைக்குப் போகவேண்டிய காரியம். இரக்கம் என்ற பெயரில் அதைச் சபைக்குள் மூடிவைப்பது காயப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

மூன்றாம் படியின் முடிவில் வரும் ‘அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும்’ என்ற சொற்களை, முகம் பார்க்காதே, வீட்டுக்குப் போகாதே என்று பலர் வாசிக்கிறார்கள். அதே சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் இயேசு, ஊரார் வெறுத்த வரிவசூலிப்பவர்களான ஆயக்காரரோடு பந்தியிருக்கிறார். பரிசேயர் குறை சொன்னபோது ஓசியா 6:6-ஐ எடுத்து, “பலியையல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்” என்பதின் கருத்தைப் போய்க் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். ஆயக்காரனை எப்படி நடத்துவது என்பதை அந்தப் பந்தியிலிருந்து அல்லாமல் வேறெங்கிருந்து கற்றுக்கொள்வோம்?

அதே ஓசியா வசனத்தை 12ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளில் கதிர் கொய்த சீஷர்களுக்காக மறுபடியும் சொல்கிறார். பிறன் பயிரில் கையால் கதிர் கொய்ய உபாகமம் 23:25 இடம் கொடுக்கிறது. அரிவாளைப் போடக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே திருட்டு என்ற பேச்சே அங்கே எழவில்லை. கொய்வதும் அறுவடைதான், ஆகவே வேலைதான் என்ற விளக்கம்தான் சீஷர்களைக் குற்றவாளிகளாக்கியது. ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளை, யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான பிற்காலத்து மிஷ்னா 39 வகையாக எண்ணுகிறது. அவற்றை வகுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வகுக்கவில்லை. கட்டளைக்கு வேலியாகத்தான் வைத்தார்கள். வேலியைத் தாண்டியதும் கட்டளையை மீறியதும் ஒன்றே என்று ஆகும்போதுதான் பசித்தவன் குற்றவாளியாகிறான்.

உங்கள் சபையின் விதிகளையும் இப்படி ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வேதத்தின் நேரடிக் கட்டளை எது, அதைக் காக்க நாம் போட்ட வேலி எது, நிர்வாக வசதிக்காக வந்தது எது என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் குறியுங்கள். உடை, கூட்ட வருகை, காணிக்கை பற்றிய விதிகள் பெரும்பாலும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். அவற்றை மீறியவருக்குத் திருவிருந்தை மறுக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று, உணவிலும் நாட்களிலும் வேறுபடுகிறவரைக் குற்றவாளியாகத் தீர்க்காதே என்னும் ரோமர் 14-ஐத் திறந்துவைத்துக்கொண்டு பேசுங்கள். ஒழுக்கத் தவறு என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: தீர்மானத்தில் இருவர் பெயரும் இருக்கிறதா? விபசாரத்தைப் பற்றிய லேவியராகமம் 20:10 இருவரையும் சொல்கிறது. யோவான் 8-ல் அதே குற்றத்துக்காக இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவளோ பெண் மட்டுமே.

கலாத்தியர் 6:1-ல் ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்று இருக்கும் கிரேக்க வினைச்சொல்தான், மாற்கு 1:19-ல் யாக்கோபும் யோவானும் வலையைப் பழுதுபார்த்த இடத்திலும் வருகிறது. கிழிந்த வலையை எவரும் கரையில் எறிந்துவிட்டுப் போவதில்லை. மடியில் போட்டு, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். நேரம் எடுக்கும், கையும் கண்ணும் நோகும்.

கால அளவைப் பற்றி ஆதித் திருச்சபை நம்மைவிடத் தெளிவாக இருந்தது. 325-ல் ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கம், கட்டாயமில்லாமலே விசுவாசத்தை மறுதலித்தவர்களுக்கு 11ஆம் விதியில் மூன்று கட்டங்களாக 3, 7, 2 என்று மொத்தம் 12 ஆண்டுகள் விதித்தது. கடுமைதான், ஆனால் அதற்கு முடிவு இருந்தது. அடுத்த விதி, உண்மையான மனந்திரும்புதலைச் செயலில் காட்டுகிறவர்களிடம் ஆயர் இன்னும் தயவாக நடக்க இடம் கொடுத்தது. 13ஆம் விதியோ, மரணத் தறுவாயில் இருப்பவருக்கு நற்கருணையை மறுக்கக்கூடாது என்றது. பவுலும் கொரிந்தியருக்கு, “இந்தத் தண்டனையே போதும்” என்று எழுதி, அந்த மனிதன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனை மன்னித்து ஆறுதல்செய்யச் சொல்கிறார் (2 கொரிந்தியர் 2:6-7). முந்தைய நிருபத்தில் விலக்கப்பட்டவன்தானா இவன் என்பதில் வேத அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். எவனானாலும், போதும் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த ‘போதும்’ என்ற சொல்லைத் தீர்மானம் எழுதும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். மறுபரிசீலனை மூன்று மாதத்துக்குள் வரட்டும். சந்திக்கப்போகும் இருவரின் பெயரையும் சேருங்கள். ஒருவராவது குழுவுக்கு வெளியே உள்ளவராக, விலக்கப்பட்டவர் நம்பிப் பேசக்கூடியவராக இருக்கட்டும். திரும்பி வர அவர் என்ன செய்யவேண்டும் என்பதை ‘மனந்திரும்புதல்’ என்று பொதுவாக எழுதாமல், செய்யக்கூடியதாக எழுதுங்கள்: யாரிடம் மன்னிப்புக் கேட்பது, எதைத் திருப்பிக் கொடுப்பது, எந்தப் பழக்கத்துக்கு யாருடைய உதவியை நாடுவது. திருவிருந்தை நிறுத்தினாலும் நோய், சாவு, பிள்ளைகளின் காரியம் எதிலும் வீட்டுச் சந்திப்பை நிறுத்தாதீர்கள். மூன்றாம் மாதம் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று தெரிந்தால், தவறு குழுவுடையது என்று குறிப்பில் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பழைய பதிவேட்டைத் திறந்து, விலக்கப்பட்டு ஓராண்டுக்கு மேலாகியும் ஒருவரும் சந்திக்காதவர்களின் பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டிரண்டு பேர் பொறுப்பேற்ற பிறகு கூட்டத்தை முடியுங்கள். முதல் முறை போகும்போது புகார்க் காகிதங்கள் எதையும் எடுத்துச் செல்லவேண்டாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
சபை உறுப்பினர்கள்