பக்கத்து வயலைப் போய்ப் பார்

நீடாமங்கலம்,
புரட்டாசி மாதம்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குத்தகைக்கு விட்டிருந்த அப்பா நிலத்தை இனி நீயே செய்யப்போகிறாய் என்று படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செம்மண், கிணற்றுத் தண்ணீர், மூன்று ஏக்கர். தொடங்குவதற்கு இது தாராளம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். குறுவையில் போட்ட பூங்கார் நெல்லை அறுத்துக் காயவைத்துவிட்டேன், சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பெரியவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிட்டது, வாரக் கடைசியில் வந்துபோகிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ரசாயனம் இல்லாமல் இயற்கை முறையில் செய்ய எந்தக் கரைசலை எத்தனை நாளைக்கு ஒருமுறை விட வேண்டும், ஒரு பட்டியல் போட்டு அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி. இவற்றை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டால் 48 மணி நேரத்தில் ஜீவாமிர்தம் தயார். ஒரு ஏக்கருக்கு அது போதும். செலவில்லா இயற்கை விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது இது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்கிற பஞ்சகவ்யாவைப் பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். அதை 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கலந்து தெளிக்கலாம். மீன் அமிலத்துக்கு மீன் கழிவும் வெல்லமும் சம எடை எடுத்து மூடிவைத்தால் மூன்று வாரத்தில் ஆகிவிடும்.

பட்டியல் அவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீ இறங்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி மற்றவர்கள் வரப்பில் நின்று கேட்டது. உன் மண்ணைப் போன்ற மண்ணில், உன்னைப் போலவே கிணற்றை நம்பி, ஏழெட்டு வருஷமாக ரசாயனம் இல்லாமல் செய்கிற ஆளை முதலில் தேடிப் பிடி. பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிற தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அவரிடம் போய், என்ன போடுகிறீர்கள் என்று ஆரம்பிக்காதே. எதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேள். போடுவதை எல்லாரும் சொல்வார்கள். நிறுத்தியதைச் சொல்லும்போதுதான் அந்த மண்ணும் தண்ணீரும் ஆள்கூலியும் வெளியே வரும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக எட்டுகிற கடைமடையில் ஒரு பெரியவர். வருஷாவருஷம் சம்பாவுக்கு முன்னால் தழையுரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுவந்தவர், ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து அதை விதைக்கிற வழக்கத்தை நிறுத்திவிட்டார். மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். சில வருஷம் திறப்பதே தள்ளிப்போகும். தண்ணீர் வந்த பிறகு விதைத்து, அது பூவெடுத்து, மடக்கி, மட்கி முடிவதற்குள் நாற்று முற்றிவிடுகிறது. அதனால் இப்போது கோடை மழை ஒன்று பெய்ததும் ஈரத்தை விடாமல் உழுது, அப்போதே விதைத்துவிடுகிறார். மழை பொய்த்த வருஷம் வயல் சும்மா கிடக்கும், ஆட்டுக்கிடை போட்டுக்கொள்கிறார். தக்கைப்பூண்டு நல்லது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்வார்கள். ஆனால் தன் வயலுக்கு எந்த வாரம் விதைக்க வேண்டும் என்பது கடைமடைக்காரருக்குத்தான் தெரிந்திருந்தது.

அவர் வயலில் இன்னொன்றும் பார்த்தேன். நட்டு ஒரு மாதம் ஆன பயிர், அங்கங்கே இலை சுருண்டு வெளுத்திருந்தது. எனக்குப் பதறியது. அவர் பேசாமல் இறங்கி, சுருண்ட இலை ஒன்றை நகத்தால் பிரித்தார். உள்ளே புழு செத்துக் கிடந்தது, பக்கத்தில் நொய்யரிசி அளவில் வெள்ளைக் கூடு. புழுவைத் தின்று வளர்ந்த குளவியின் கூடு அது. அடுத்த இலையில் உயிரோடு ஒரு புழு, அதற்கடுத்ததில் சிலந்தி. இப்படிக் கைக்குக் கிடைத்த தூர்களையெல்லாம் பிரித்து எண்ணிவிட்டு, சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். “இந்த வயசுல இலை போனா பயிர் வேற இலை விட்டுக்கும், தம்பி. கண்ணாடி இலையில வந்தாத்தான் யோசிக்கணும்” என்றார். கதிருக்கு முன்னால் கடைசியாக வருகிற இலைதான் கண்ணாடி இலை. வேளாண்மைத் துறை நடத்திய வயல்வெளிப் பள்ளியில் ஒரு பருவம் முழுக்கப் போய் இந்த எண்ணும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டாராம்.

அந்த வயல்வெளிப் பள்ளி எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தோனேசியாவிலிருந்து. அங்கே தூரில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சி நெல்லை அழித்துக்கொண்டிருந்தது. மருந்து அடிக்க அடிக்கச் சிலந்தியும் மற்ற நல்ல பூச்சிகளும் செத்து, புகையான் இன்னும் பெருகியது. 1986ல் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளை அந்த அரசு தடை செய்தது. 1989ல் இந்தப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் கூடி, பூச்சியை எண்ணி, பார்த்ததைப் பெரிய தாளில் படமாக வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். அதிகாரி வந்து இதை அடி என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. எனக்கு இதைக் கேட்டபோது ரொம்ப நிறைவாக இருந்தது. நம் பெரியவரின் சட்டைப் பை நோட்டுக்கும் ஜாவாவின் வயல் ஒன்றுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

உனக்கு இன்னும் நெருக்கமானது மேட்டுநிலம். கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் சுருமான்பட்டியில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா உருவாக்கிய வானகம் பண்ணை இருக்கிறது. அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை 1969ல் விட்டுவிட்டு வந்தவர், 2013 டிசம்பர் 30ல் சாகிறவரை விவசாயிகளைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தார். கடைசி மூச்சுகூட மீத்தேன் திட்டத்தை எதிர்த்து டெல்டாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது, பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில்தான் போனது. வானகத்தில் தங்கிப் பழகும் பயிற்சிகள் நடக்கின்றன. கண்டிப்பாகப் போய் வா. போகும்போது அந்த வட்டாரத்து வயல்களையும் பார்த்துவிட்டு வா.

குளித்தலைக்குத் தெற்கே ஒரு அக்கா ஐந்து ஏக்கர் செம்மண்ணில் மானாவாரியும் கொஞ்சம் கிணற்றுப் பாசனமுமாகச் செய்கிறார். ஜீவாமிர்தம் விடுவதை முதல் இரண்டு வருஷத்தில் பாதியாகக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். ஏன் என்றேன். மூடாக்கு, அதாவது மண்ணை மூடிப் பரப்புகிற தட்டை தழை, இல்லாத செம்மண்ணில் அதை ஊற்றினால் வெயிலில் மேல்மண்ணோடு காய்ந்துபோகிறதாம், அத்தனை உழைப்பும் வீண். அதனால் முதலில் பலதானியம் விதைத்தார். சோளம், கம்பு, தட்டைப்பயறு, உளுந்து, கொள்ளு, எள், ஆமணக்கு, சணப்பை, கொளுஞ்சி, கொத்தமல்லி என்று கலந்து ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் தூவி, பூவெடுக்கும் ஐம்பது நாள் வாக்கில் மடக்கி உழுதார். அடுத்த பயிருக்குச் சோளத்தட்டையும் கடலைக்கொடியும் பரப்பி மூடினார். அதன்பிறகுதான் கரைசல். மூடாக்கை விலக்கிக் காட்டினார். மேலே மண் பொரிந்து கிடந்த அதே தோட்டத்தில், அடியில் ஈரம் கறுத்துப்போய், வெள்ளைப் பூஞ்சை நூல் ஓடி, விரலை அழுத்தினால் உள்ளே போனது. உன் நிலத்துக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது. என் களிமண்ணில் மூடாக்கு என்ற பேச்சே எழுந்ததில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். வயல்காரரிடம் பேசிவிட்டுக் கிளம்பிவிடாதே. களை எடுக்கிற பெண்களோடு கொஞ்ச நேரம் இரு. ஊரில் பத்து வயலில் குனிந்து நிற்பவர்கள் அவர்கள். எந்த வயலில் கோரை குறைந்தது, எதில் ஆரையும் பொன்னாங்கண்ணியும் திரும்ப வந்தது, எதில் நண்டும் நத்தையும் காலில் படுகிறது, எல்லாம் கைப்பழக்கத்தில் தெரியும். மன்னார்குடி பக்கம் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: “முன்னே இந்த வயல்ல ஒருநாள் கை விட்டா நகக்கண்ணு எரியும், ராத்திரி சோறு பிசைய முடியாது. இப்ப அது இல்ல.” மண்பரிசோதனை அறிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதையும் எடு. ஆனால் அந்த அம்மா சொன்னதை எந்த அறிக்கையும் சொல்லாது. இயற்கை முறைக்கு வந்தால் செலவு எங்கே ஏறும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்: களையில்தான். வரிசை நடவு போட்டுக் கோனோவீடர் என்கிற களைக்கருவியை ஓட்டினாலும் கைக்களை ஒன்று வேண்டியிருக்கிறது.

கணக்கையும் கூச்சப்படாமல் கேள். மாறிய முதல் வருஷங்களில் விளைச்சல் இறங்கும், அதைப் பலர் சொல்லத் தயங்குவார்கள். உட்கார்ந்து பழகினால் சொல்வார்கள். ஒருவர் மாப்பிள்ளைச் சம்பாவில் ஏக்கருக்கு 14 மூட்டைதான் கண்டதாக மனம்விட்டுச் சொன்னார். அதைவிட அவரை வாட்டியது அரைவை. கொஞ்சமாகக் கொண்டுபோகிற சிவப்பு நெல்லைத் தனியாக அவித்து அரைத்துத் தர மில்காரர்கள் முன்வருவதில்லை. கொள்முதல் நிலையத்தில் போட்டால் பாரம்பரிய ரகம் என்று கூடுதல் விலை கிடைக்காது. கடைசியில் நாலு பேர் சேர்ந்து ஒரே ரகம் போட்டு, மொத்தமாக அரைத்து, வீடுகளுக்கு நேராக விற்கிறார்கள். உனக்குக் காய்கறி என்றால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் கைக்கெட்டும் தூரம். ஆனால் மருந்தில்லாத தக்காளிக்கு அங்கே தனி விலை தருவார்களா என்று இப்போதே விசாரித்து வை.

விதை விஷயத்தில் நெல் ஜெயராமன் செய்துவிட்டுப் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் இல்லாமலேயே விதை ஊர் ஊராகப் போனது. 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டவர், 2018 டிசம்பரில் போய்விட்டார். அந்தக் கூட்டங்களில் மேடைப் பேச்சைவிட, சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் தெரிந்துகொண்டது எனக்கு அதிகம். மாப்பிள்ளைச் சம்பாவைச் சீக்கிரம் விட்டால் ஆளுயரம் வளர்ந்து கார்த்திகை மழையில் சாய்ந்துவிடுகிறது, கொஞ்சம் பிந்தி விட்டால் தன் வயலில் உயரம் குறைகிறது என்று ஒருவர் சொன்னார். பள்ளத்து வயலுக்குக் காட்டுயானம், உப்பு ஏறின கடலோரத்துக்குக் குழியடிச்சான் என்று இன்னொருவர். இந்த வருஷம் நானும் நாற்றை ஒரு வாரம் பிந்தி விட்டிருக்கிறேன்.

போகும்போது கும்பலாகப் போகாதே. பத்துப் பேர் வந்து நின்றால் விவசாயி பேச்சாளர் ஆகிவிடுகிறார், நல்லதை மட்டும் சொல்வார். தனியாகவோ இரண்டு பேராகவோ போய், நாற்றுக்கட்டு தூக்குவதோ வரப்பு வெட்டுவதோ ஏதாவது வேலையில் கை கொடு, பேச்சு தானாக வரும். ஒருமுறை விளைந்து நிற்கும்போது பார்த்தால், இன்னொருமுறை கஷ்டகாலத்தில் போ. உங்கள் பக்கம் சித்திரை வெயில், எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை அடைமழை. கையை வீசிக்கொண்டு போகாமல் உன் ஊர் விதை ஏதாவது ஒரு பொட்டலம் கொண்டு போ. அப்புறம், பார்த்துவிட்டு வந்ததை மூன்று ஏக்கரிலும் செய்துவிடாதே. அரை ஏக்கரில் செய். மீதியில் இப்போது நடப்பது நடக்கட்டும், வீட்டுக்கு வருமானம் வேண்டும்.

கார்த்திகையில் இங்கே ஒரு நடை வா. மழை விட்ட நாளாகப் பார்த்துத் திருத்துறைப்பூண்டி பெரியவரிடம் உன்னைக் கூட்டிப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். குளித்தலை அக்காவையும் கேட்டுவிட்டேன். தை பிறந்து அறுவடை முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார், அந்தப் பயணத்துக்கு நானும் வருகிறேன். வரும்போது உங்கள் பக்கத்து நாட்டுக் கொள்ளும் சோளமும் இரண்டிரண்டு கிலோ கொண்டு வா. கோடையில் மேட்டுத் திடலில் பலதானியம் விதைக்க எனக்கு வேண்டும். உன் கிணற்றில் ஆடி மாதம் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்பதைப் பதிலில் எழுது. எந்த அரை ஏக்கரில் தொடங்குவது என்று அதை வைத்துப் பேசலாம்.

அம்மாவையும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி