ஆண்டறிக்கை 2025–26: டிராகன்கள் நம் கரைக்கு வந்த வருடம்

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், பெற்றோர்கள், பின்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரை நம் வாசிப்பு வட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. செயற்குழு மாதம் ஒரு முறை கூடியது. நவம்பரில் மட்டும் கூடவில்லை, மழை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தபோது யாரையும் வரச் சொல்ல மனம் வரவில்லை. புத்தக அலமாரிக்குக் கதவு போட்டாயிற்று. உப்புக் காற்றில் ஸ்டேப்பிள் பின்கள் துருப்பிடித்து ஏடு ஏடாகக் கழன்ற புத்தகங்களை நூல் போட்டுத் தைத்துக் கொடுத்த வலை பின்னும் பெரியவருக்கு வட்டத்தின் நன்றி. அவர் போட்ட முடிச்சு ஒன்றுகூட இதுவரை அவிழவில்லை.

சரி, இந்த ஆண்டின் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் கரையில். அப்பாக்கள் வீட்டில், பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை, வெயிலோ மண்டபம் பக்கத்து வெயில். அப்போதுதான் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, “டிவியில போட்டாங்களே டிராகன் படம், அது மாதிரி புத்தகம் இருக்கா?” என்று கேட்டான். அவன் சொன்னது 2010-இல் வந்த ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ படம். அதற்கு முன்பே, 2003-இல், கிரெசிடா கோவெல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது. அந்தப் புத்தகம் நம் அலமாரியில் இருந்தது, ஆங்கிலத்தில். நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். படத்தில் கறுப்பாகப் பெரிதாக வரும் டிராகன் புத்தகத்தில் ஏறி உட்காரவே முடியாத பொடியன் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குக் கோபம். முதல் நாள் கோபம், இரண்டாம் நாள் சிரிப்பு, மூன்றாம் நாள் “இன்னும் இருக்கா?”

இன்னும் இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் பழைய புத்தகக் கடையில் தேடி ஒரு கட்டு அனுப்பி வைத்தான். அதில் இருந்ததுதான் ‘எராகன்’. கிறிஸ்டோபர் பாவோலினி அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15, அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் வீட்டிலேயே படித்த பையன். முதலில் அவருடைய அப்பா அம்மாவே அச்சடித்தார்கள், அவர் பள்ளி பள்ளியாக, நூலகம் நூலகமாகப் போய் அதைப் பற்றிப் பேசினார், அப்புறம் 2003-இல் ஒரு பெரிய பதிப்பகம் எடுத்து வெளியிட்டது. இதைச் சொன்ன அன்று சாயங்காலம் நான்கு பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக வந்தார்கள். அந்த நான்கு நோட்டுகளும் பின்னால் மேஜை மேல் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்தக் கதையில் எராகன் மாமா வீட்டில் வளரும் ஏழை விவசாயப் பையன். காட்டில் நீலக் கல் ஒன்று கிடைக்கிறது, அதைக் கறிக்கடைக்காரரிடம் கொடுத்து வீட்டு ஆட்களுக்குக் கறி வாங்கப் பார்க்கிறான், அவர் மறுத்துவிடுகிறார். அந்தக் கல்தான் முட்டை. இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு மூச்சு நின்றது. கடன் சொல்லிப் பொருள் வாங்கிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கடை வாசல் தெரியும். அரசகுமாரன் கதை என்றால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அந்த உலகத்தில் முட்டைக்குள் இருக்கும் குட்டி தனக்கான ஆள் பக்கத்தில் வரும் வரை பொரிவதே இல்லை, எத்தனை வருடமானாலும் காத்திருக்கும்.

அப்புறம் வார்த்தைச் சண்டை. இரண்டு வாரம் நடந்தது. நான் அதை முழுவதுமாக எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு நம் வட்டத்தில் நடந்த மிகச் சிறந்த விவாதம் அதுதான்.

முதல் கேள்வி, டிராகனைத் தமிழில் என்ன சொல்வது. பழைய வேதாகமத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தில் ‘வலுசர்ப்பம்’ என்று வருகிறது என்றாள் ஒரு பெண். மாதா கோயிலில் இப்போது வாசிக்கும் விவிலியத்தில் ‘அரக்கப் பாம்பு’ என்று இருக்கிறது என்றான் இன்னொருவன். இரண்டும் சாத்தான், நம் டிராகன் நல்லது, ஆகவே இரண்டும் வேண்டாம் என்று மூன்றாவது பிள்ளை சொல்லிவிட்டாள். உத்தரகோசமங்கைக் கோயிலுக்குப் போய்வந்த ஒருவன் யாளியைக் கொண்டுவந்தான். யாளியின் மேல் வீரன் உட்கார்ந்திருக்கும் தூண்கள் நம் நாட்டுக் கோயில்களில் இருக்கின்றன, அதனால் எனக்கும் ஆசைதான். ஆனால் யாளிக்குச் சிங்க உடம்பு, தும்பிக்கைகூட இருக்கும், அது முட்டையிலிருந்து வராது, பறக்காது. கடைசியில் டிராகன் டிராகனாகவே நின்றது.

இரண்டாவது கேள்விதான் பெரியது: அதன் மேல் ஏறிப் போகிறவரை என்ன சொல்வது? ‘ஓட்டி’ என்றால் ஆட்டோ ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. ‘பாகன்’ என்றார்கள், பாகன் கையில் அங்குசம் இருக்குமே என்று விட்டார்கள். ஒரு பையன் ‘டிராகன் சம்மாட்டி’ என்றான், எல்லோருக்கும் பிடித்துப்போனது, நானும் எழுதிக்கொண்டேன். அப்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “சம்மாட்டின்னா படகு அவருக்குச் சொந்தம். டிராகன் யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டாள்.

யாரும் பேசவில்லை. அவள் சொன்னது இந்த வகைக் கதைகளின் உயிர்நாடி. குதிரையை வாங்கலாம், விற்கலாம். டிராகனை யாரும் வாங்குவதில்லை, அதுதான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுக்கும்போது வீடு பார்ப்பதில்லை, அப்பா யார் என்று கேட்பதில்லை, ஆணா பெண்ணா என்றுகூடப் பல கதைகளில் பார்ப்பதில்லை. அதன் பிறகு இருவரும் மனசுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் வலி மற்றவருக்குத் தெரிகிறது. ஆகவே நாங்கள் வைத்த பெயர் ‘கூட்டாளி’. டிராகனுக்கு இவன் கூட்டாளி, இவனுக்கு டிராகன் கூட்டாளி. இந்த ஆண்டு முழுவதும் அப்படித்தான் சொல்லிவந்தோம்.

ஜூனில் பள்ளி திறந்தது, படகுகள் கடலுக்குப் போயின, நம் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மாறியது. அங்கேதான் தவறு செய்தோம். ஆகஸ்டு வரும்போது பெரிய பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். சம்மாட்டி கேள்வி கேட்ட பெண்ணும் வரவில்லை. வீட்டில் கேட்டால் இருட்டிவிடுகிறது, தம்பியைப் பார்க்க ஆள் இல்லை, வயசுப் பிள்ளைக்கு என்ன கதை வேண்டிக் கிடக்கிறது. பகலில் ஒரு அறை கேட்டுப் பள்ளி ஒன்றுக்கு எழுதினோம், பாடத்துக்கு வெளியே உள்ள புத்தகத்துக்கு இடம் இல்லை என்று பதில் வந்தது. செயற்குழுவில் இதைப் பற்றி நாம் பேசியது போதவில்லை. இரண்டு மாதம் ஆண் பிள்ளைகளை மட்டும் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தோம், அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

செப்டம்பரில் நான் ‘டிராகன்சாங்’ புத்தகத்தை எடுத்தேன். ஆன் மெக்காஃப்ரி 1976-இல் இளைய வாசகர்களுக்காக எழுதியது. அதற்கு முன்பே, 1968-இல், அவருடைய டிராகன் கதை ஒன்று, அறிவியல் புனைகதைக்கும் மாயக் கதைக்கும் கொடுக்கும் ஹ்யூகோ விருது பெற்றது, புனைகதைக்காக அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான். அவர் படைத்த பெர்ன் என்ற உலகத்தில் வானத்திலிருந்து வெள்ளி நூல் போல ஒன்று விழும், விழுந்த இடத்தில் செடி, ஆடு, மனிதர் என்று உயிருள்ள எதையும் தின்றுவிடும். டிராகன்கள் ஒரு வகைக் கல்லை மென்று, அதிலிருந்து வரும் வாயுவால் நெருப்பு கக்கி, அந்த நூலை வானத்திலேயே எரிக்கின்றன. கடலில் விழுந்த நூல் செத்துப்போகும், மீன் தின்றுவிடும். இதைச் சொன்னதும், “அப்ப நம்ம ஊருக்கு ஒண்ணும் ஆகாது” என்று ஒரு குட்டிப் பையன் நிம்மதியாகச் சொன்னான்.

கதையின் நாயகி மெனோலி மீனவர் குடியிருப்புத் தலைவரின் மகள். பாட்டுக் கட்டுவாள். பெண் பிள்ளை பாட்டுக் கட்டினால் குடும்பத்துக்கு அவமானம் என்று அப்பா அடிக்கிறார். மீன் அறுக்கும்போது கத்தி கையில் ஆழமாக இறங்கிவிடுகிறது, அந்த மீனின் வழவழப்பில் நஞ்சு உண்டு, புண் சீழ் பிடித்துக் கை மடங்கிப்போகிறது. இனி வாத்தியம் தொட முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். அவள் வீட்டை விட்டு ஓடிக் கடலோரக் குகையில் தங்குகிறாள். அங்கே நெருப்புப் பல்லி என்று சொல்லப்படும் குட்டி டிராகன் ஒன்று மணலில் முட்டையிட்டிருக்கிறது, அலை ஏறி வருகிறது, மெனோலி அந்த ராணிப் பல்லியோடு சேர்ந்து முட்டைகளை மேட்டுக்கு மாற்றுகிறாள்.

இதற்கு நான் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுவதையும், வனத்துறை ஆட்கள் அந்த முட்டைகளை எடுத்துக்கொண்டுபோய் வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைப்பதையும் தனுஷ்கோடிப் பக்கம் பார்த்த பிள்ளைகள் இவர்கள். எத்தனை ஆழம் தோண்ட வேண்டும், முட்டையை ஏன் உருட்டக் கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். முட்டைகள் பொரிகிற நேரத்தில் மெனோலி பசித்த குட்டிகளுக்கு இரை ஊட்டுகிறாள், ஒன்பது குட்டிகள் அவளைக் கூட்டாளியாக ஏற்றுக்கொள்கின்றன.

அந்த வாரம்தான் நடந்தது. பாசி எடுக்கப் போய்விட்டுத் திரும்பிய அம்மா ஒருவர், மகனைக் கூட்டிப்போக வந்தவர், ஈரச் சேலையோடு வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாறையில் கிழியாமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கை மடங்கிய கதையையும், மெனோலியின் அம்மா வேண்டுமென்றே சரியாகப் பார்க்காமல் விட்டாளோ என்று கதையில் எழும் சந்தேகத்தையும் பிள்ளைகளுக்கு நான் திரும்ப நினைவுபடுத்தியபோது அவருக்குப் பொறுக்கவில்லை. “பெத்தவதானே அவ! மஞ்சளாவது வச்சுக் கட்டியிருக்கலாமே. பாட்டுப் படிச்சா என்ன குத்தம்?” என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், “கூட்டத்த மூணு மணிக்கு வைங்க. எம் பொண்ண அனுப்புறேன்” என்றார். அவர்தான் சம்மாட்டி கேள்வி கேட்ட பெண்ணின் அம்மா.

அடுத்த வாரமே மூன்று மணிக்கு மாற்றினோம். தலைவர் தன் வலைக் கொட்டகையைப் பகலில் காலி செய்து கொடுத்தார். அந்த அம்மாவே நான்கு வீடுகளுக்குப் போய்ப் பேசினார், நான் பேசியிருந்தால் நடந்திருக்காது. இந்த மேடையிலிருந்து அவருக்கு நன்றி சொல்கிறேன்.

டிசம்பரில் அந்தப் பெண் ஒரு பாட்டு எழுதினாள், தன் டிராகனுக்கு. மெட்டு அவள் தாத்தா வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு. தாத்தா கேட்டுவிட்டு இரண்டாவது வரியில் இழுவை குறைகிறது என்று திருத்திக் கொடுத்தார். ஓவியப் பக்கத்தில், பாம்பன் பழைய பாலத்தை டிராகனாக வரைந்த படம் எனக்கு மிகவும் பிடித்தது. 1914-இல் திறந்த அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதி கப்பல் வரும்போது இரண்டு இறக்கையாக மேலே விரிவது வழக்கமாக இருந்தது. புதுப் பாலம் ஒரே துண்டாக நேரே மேலே போகிறது, அதனால் அதை டிராகனாக வரைய முடியாது என்று பையன் அடித்துச் சொன்னான்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். டிராகன் படம் போட்ட அட்டை எல்லாம் பிள்ளைகளுக்கானது இல்லை. 2023-இல் வந்து உலகமெங்கும் விற்ற ‘ஃபோர்த் விங்’ டிராகன் வீரர்களின் பயிற்சிப் பள்ளியைப் பற்றியதுதான், ஆனால் பெரியவர்களுக்கு எழுதியது. கேட்ட இரண்டு பிள்ளைகளிடமும் காரணத்தைச் சொல்லியே மறுத்தேன். வாங்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நடக்காதவை: புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வண்டி ஏற்பாடு செய்ய முடியவில்லை. ‘எராகன்’ தொடரின் மூன்றாம் பாகத்தோடு நின்றிருக்கிறோம், நான்காவது கைக்கு வரவில்லை. எடுத்துப்போய்த் திரும்பாத புத்தகங்களின் பட்டியல் சுவரில் இருக்கிறது, பெயர் போடவில்லை, எடுத்தவர்களுக்குத் தெரியும்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். பிள்ளைகள் கூட்டம் சனிக்கிழமை மூன்று மணி என்பதைச் செயற்குழு இனி மாற்றக் கூடாது, மாற்றுவதானால் அம்மாக்களைக் கேட்டுத்தான். அந்த அம்மாவைச் செயற்குழுவில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, நாங்கள் வாய்மொழியாகச் சொன்ன கதைகளைப் பார்த்துக் காப்பியடிக்காமல் பிள்ளைகள் சொந்தமாக எழுதும் டிராகன் கதைகளை ஒரு சிறு கையெழுத்துப் பத்திரிகையாகத் தைக்கத் தாளும் அட்டையும் வாங்க அனுமதி வேண்டும். தைக்கும் வேலையை வலைப் பெரியவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

மெனோலியின் அடுத்த பாகம் ‘டிராகன்சிங்கர்’ வந்து சேர்ந்துவிட்டது. 1977-இல் வெளியான புத்தகம், முதுகு கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அதில் அவள் இசைப் பள்ளிக்குப் போகிறாள், கைக்கு வைத்தியமும் நடக்கிறது. தடைக்காலம் தொடங்கியதும் வரும் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு முதல் அத்தியாயம், வலைக் கொட்டகையில். பாய் நாம் கொண்டுவருகிறோம், தண்ணீர் மட்டும் அவரவர் எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்