நிலனுக்கு இந்தப் பூனையைக் காட்டு

அன்புள்ள கவிதா,

நிலன் பார்க்கிற கார்ட்டூன் எல்லாம் ஒரே அலறலும் அடிதடியுமாக இருக்கிறது, உருப்படியாக ஒன்று சொல்லும்மா என்று கேட்டாயே. சொல்கிறேன். 1969-இல் ஜப்பானில் வந்த 'பூட்ஸ் போட்ட பூனை'. டோயெய் ஸ்டுடியோ எடுத்தது, இயக்கம் கிமியோ யாபுகி. 80 நிமிடம்தான், தூங்கப் போகும் முன் முடித்துவிடலாம்.

மூலக்கதை பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோ 1697-இல் எழுதியது. மாவு ஆலைக்காரர் செத்துப்போகிறார். மூத்தவனுக்கு ஆலை, நடுவில் உள்ளவனுக்குக் கழுதை, கடைக்குட்டிக்கு வெறும் பூனை. அந்தப் பூனையை நீ இப்போது படித்தால் திடுக்கிடுவாய், சரியான ரவுடி! வயலில் அறுக்கிறவர்களிடம் போய், இந்த நிலமெல்லாம் எங்கள் பிரபுவுடையது என்று ராஜாவிடம் சொல்லாவிட்டால் உங்களைக் கொத்துக்கறி ஆக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறது. உருமாறத் தெரிந்த அரக்கனை முகஸ்துதி செய்து எலியாக மாறவைத்து, ஒரே வாயில் விழுங்குகிறது. கடைசியில் பெரிய மனுஷனாகிவிட்ட பூனை, அதற்கப்புறம் எலியைப் பிடித்ததெல்லாம் பொழுதுபோக்குக்கு மட்டும்தான் என்று கதை முடிகிறது.

ஜப்பான்காரர்கள் அங்கேதான் கை வைத்தார்கள். அவர்களுடைய பூனைக்கும் பெரோ என்றுதான் பெயர், எழுத்தாளர் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்தப் பெரோ எலிகளைத் தப்பவிட்ட பூனை. பூனைச் சட்டப்படி அது மரணதண்டனைக் குற்றம். அதனால் மூன்று கொலைகாரப் பூனைகள் படம் முழுக்க அவனைத் துரத்துகின்றன, ஒரு தடவைகூட உருப்படியாகப் பிடிக்கத் தெரியாமல். ஏழைப் பையன் பியேரைப் பிரபு என்று சொல்லி ராஜா வீட்டில் பெண் கேட்க வைக்கிற பொய் இதிலும் உண்டு. ஆனால் சொல்கிறவன் தானே ஊரைவிட்டு ஓடிவந்தவன், அதனால் நமக்குக் கோபம் வருவதில்லை. எலிகளும் அவனுக்குத் துணையாக வருகின்றன. மூலக்கதையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

திரைக்கதை எழுதிய ஹிசாஷி இனோவே, மொரிஹிசா யமமோட்டோ, இசையமைத்த செய்ச்சிரோ உனோ மூவரும் அதற்கு முன்பே டிவியில் ஒரு பொம்மலாட்டத் தொடரில் சேர்ந்து வேலை செய்தவர்கள். அதனால்தானோ என்னவோ, கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு வருவது கொஞ்சமும் உறுத்தவில்லை.

கடைசிப் பகுதியை மட்டும் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார். இளவரசி ரோசாவைத் தூக்கிப்போன அரக்கன் லூசிஃபரின் கோட்டையில் நடக்கிற துரத்தல். படிக்கட்டு, கோபுரம், இடிந்து விழுகிற சுவர் என்று மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். இத்தனை களேபரத்திலும் யார் மேலே, யார் கீழே, எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று உனக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. இப்போது வருகிற படங்களில் கேமராவை ஆட்டி ஆட்டிக் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். இங்கே எல்லாமே கையால் வரைந்த படம், ஏமாற்ற வழியில்லை. வரைந்தவர்களில் ஒருவர் யசுவோ ஒட்சுகா, இன்னொருவர் அப்போது முப்பதைக்கூடத் தொடாத ஹயாவோ மியாசாகி. உன் கல்லூரி நாட்களில் யாருடைய அனிமேஷன் படங்கள் மேல் நீ பைத்தியமாக இருந்தாயோ, அந்த இயக்குநரேதான். பத்து வருஷம் கழித்து 1979-இல் அவர் முதல்முதலாக இயக்கிய முழுநீளப் படமான 'காக்லியோஸ்த்ரோ கோட்டை'யிலும் ஒரு கோட்டை, ஒரு கோபுரம், மொட்டை மாடி ஓட்டம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உனக்கே புரியும்.

பெரோவின் முகம் யசுஜி மோரியின் கைவண்ணம். அந்த முகத்தை ஸ்டுடியோ தன் முத்திரையாகவே வைத்துக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை. படம் சினிமாஸ்கோப். பழைய டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டிய பிரதி கிடைத்தால் வாங்காதே, துரத்தலில் பாதி ஆள் காணாமல் போயிருப்பார்கள். லூசிஃபரைப் பார்த்து நிலன் பயப்படுவான் என்று முன்கூட்டியே நிறுத்திவிடவும் வேண்டாம். பெண் கேட்டு வரும்போது அவன் அடிக்கிற கூத்தைப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும். 1972-லும் 1976-லும் தொடர்ச்சிகள் வந்தன, அதையெல்லாம் அவனாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த மூன்று தடியன் பூனைகளில் எது பிடித்தது என்று அவனிடம் கேட்பேன். நீ எதுவும் சொல்லிக்கொடுத்து வைக்காதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அம்மா